கொட்டிலுக்குப் போன ஜன்னல்

எங்கள் வீட்டில் மாட்டுக்கு ஜன்னல் உண்டு, அம்மாவுக்குக் கிடையாது. சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். சின்ன வயதில் நானும் அதைச் சொல்லி நாலு பேரைச் சிரிக்கவைத்தவள்தான். வாய் என்று ஒன்றைக் கொடுத்த பகவான் கூடவே ஒரு தாழ்ப்பாளையும் கொடுத்திருக்கலாம். என் விஷயத்தில் மறந்துவிட்டார்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி வீடு ஒன்றின் பின்கட்டில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, நான் என்று நாலே பேர். அப்பா ஹைஸ்கூலில் சரித்திர வாத்தியார். வகுப்பில் யானைப்படையும் குதிரைப்படையும் நடத்திக்காட்டுவார். வீட்டுக்கு வந்துவிட்டால் அத்தை செருமினாலே எழுந்து நிற்பார். அத்தையைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. பதினாறு வயதில் எல்லாவற்றையும் இழந்து பிறந்தகம் வந்து, தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். ஆசாரம் ஒன்றுதான் அவளுக்கென்று மிஞ்சிய சொத்து. அதில் குந்துமணி அளவு குறையவும் விடமாட்டாள்.

அந்தப் பின்கட்டில் தளிகையுள் என்று ஒன்று இருந்தது. சமையலறையை எங்களவர்கள் அப்படித்தான் சொல்வோம். பெயர்தான் உசத்தி, ஆள் நுழைந்தால் வெளியே தெரியாத பொந்து. புகை போக ஒரு ஓட்டை, அதிலும் காக்கை கூடு கட்டியிருந்தது. அம்மா விடியற்காலையில் மடி உடுத்திக்கொண்டு உள்ளே போனால் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணி, அதாவது நைவேத்தியம் செய்து, எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரம் ஒழித்துப் போட்டு வெளியே வர மத்தியானம் இரண்டு ஆகும். கண் எப்போதும் செக்கச்செவேல் என்று இருக்கும். "ஏம்மா அழறே?" என்று ஒருநாள் கேட்டேன். "புகைடி" என்றாள். எது புகை, எது அழுகை என்று அதற்கப்புறம் எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

காவேரிப் படித்துறைக்குப் போகிற அம்மா மண்டபம் சாலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பை மனைகளாகப் பிரித்தபோது அப்பா ஒரு மனை வாங்கினார். வீடு எப்படி இருக்கவேண்டும் என்று அத்தை பட்டியல் போட்டாள். கூடம், பூஜையுள், கிணறு, மாட்டுக்கொட்டில் என்று அது நீண்டுகொண்டே போயிற்று. அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள். தளிகையுள்ளில் கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னல். அந்தச் சுவருக்கு அப்பால் ஆற்றுக்குப் போகிற சந்து. குளிக்கப் போகிறவர்களும் குடத்தோடு வருகிறவர்களுமாக நாள் முழுக்க ஜனங்கள் நடக்கிற சந்து. "அடுப்புக்கு முன்னாடி உக்காந்துண்டே நாலு மனுஷா மொகத்தைப் பாக்கலாம்" என்று என்னிடம் சொன்னாள். அப்பாவிடம் 'காத்துக்கு' என்று மட்டும் சொன்னாள்.

கடைக்கால் தோண்டிக் கல்லும் போட்டான பிறகுதான் அம்மா பிள்ளையாண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. எங்கள் பக்கத்தில் இது பெரிய சங்கடம். வீட்டு எஜமானி மாசமாக இருக்கும்போது வீடு கட்டலாகாது என்பார்கள். எனக்குப் பின் பிறந்த இரண்டும் தங்கவில்லை, ஆகவே பயம் இரட்டிப்பு. ஆரம்பித்த வேலையை நிறுத்துவதும் ஆகாது. அத்தை யாரோ ஒரு சாஸ்திரிகளைக் கேட்டுக்கொண்டு வந்தாள். கட்டுகிற வீடு கர்ப்பிணியின் கண்ணில் படாமல், அவள் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தால் தோஷம் இல்லையாம். கர்ப்பிணி ஆறு தாண்டக்கூடாது என்பதும் சாஸ்திரம்தான். அது ஏனோ அன்றைக்கு ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

அம்மாவை ஜீயபுரத்தில் அவள் பிறந்தகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மாமாவும் மாமியும்தான். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் நான் அத்தையோடு நின்றேன். சனிக்கிழமை மத்தியானம் அப்பா என்னை ஜட்காவில் காவேரிப் பாலம் தாண்டி அழைத்துப்போய், கோட்டை ஸ்டேஷனில் தெரிந்த மனுஷர்களோடு ரயில் ஏற்றிவிடுவார். ஜீயபுரத்தில் மாமா இறக்கிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பிவிடுவேன். அப்பா மாமனார் வீட்டுப் படியைச் சும்மா மிதிக்கிற ரகமில்லை. கடுதாசி போட்டாலோ மாமா அதைக் கூடத்தில் நின்றுகொண்டு ஊருக்கே கேட்கும்படி படிப்பார். ஆக, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் கடுதாசி நான்தான்.

என்ன பெருமை எனக்கு! வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மனைக்கு ஓடுவேன். செக்கு மாடு போல ஒரு மாடு சுற்றிச் சுற்றி வந்து சுண்ணாம்புக் காரை அரைக்கும். பூச்சுக்குக் கடுக்காயோடு ஊறப்போட வாங்கி வைத்திருந்த வெல்லத்தில் ஒரு கட்டி எடுத்துத் தின்பேன். சித்தாள் பெண்கள் விரட்டுவார்கள். சுவர் எத்தனை வரிசை ஏறியிருக்கிறது என்று எண்ணிக்கொள்வேன். சனிக்கிழமை ரயிலை விட்டு இறங்கினதும் இறங்காததுமாக அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பிப்பேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். நடு நடுவே, "அப்புறம்?" என்பாள்.

ஆனி மாசத்தில் ஒரு சனிக்கிழமை அம்மா தரையில் பலகை போட்டு அடுப்புக்கு முன்னால் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். ஒரு நீள வாழைநாரை என் கையில் கொடுத்து, தரையிலிருந்து தன் கண் வரைக்கும் பிடிக்கச் சொன்னாள். கண்ணுக்கு நேரே நாரில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"மேஸ்திரிகிட்ட கொடு. இந்த முடிச்சுக்கு ஒரு சாண் கீழேர்ந்து ஜன்னல் ஆரம்பிக்கணும்னு சொல்லு. நின்னுண்டு பாக்கற ஜன்னல் எனக்கு எதுக்கு? நான் எப்போ நிக்கறேன்?"

மேஸ்திரி எடமலைப்பட்டி புதூர்க்காரர். வெற்றிலைக் காவி ஏறிய பெரிய மீசை. நாரை வாங்கித் தரையில் ஒரு முனையை வைத்து நீட்டிப் பார்த்தார்.

"அம்மா கண்ணு உசரமா பாப்பா இது? போட்ருவோம். அவங்க வந்து உக்காந்து பாத்துட்டு, மேஸ்திரி சரியாத்தான் வச்சிருக்கான்னு சொல்லணும்" என்றார்.

சொன்னபடியே சுவரில் இடம் விட்டார். ஆசாரி அஞ்சு கம்பி போட்ட ஜன்னல் செய்து தென்னை மரத்தில் சாத்தி வைத்தார். நான் போய் அம்மாவிடம் சொன்னேன். அன்றைக்கு அம்மா சிரித்த சிரிப்பை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

ஆடி கழிந்து ஆவணியில் ஒருநாள் அத்தை அம்மா மண்டபத்தில் குளித்துவிட்டு ஈரப் புடவையோடு மனைக்கு வந்தாள். சுவரில் இருந்த இடைவெளியைப் பார்த்தாள். சந்தில் போய் நின்று அங்கேயிருந்து உள்ளே பார்த்தாள். அவ்வளவுதான்.

"தளிகையுள்ளுக்கு வீதி பாத்த ஜன்னலா? போறவா வர்றவா கண்ணெல்லாம் தளிகை மேல விழாதோ? எச்சில் பட்டாப்பல ஆயிடுத்தே! அதைக் கொண்டுபோய்ப் பெருமாளுக்கு எப்படிடா கண்டருளப் பண்ணுவே?"

அப்பா பக்கத்தில் நின்றார். பெருமாளுக்குக் காட்டுவதற்கு முன் தளிகையை அன்னியர் பார்க்கக்கூடாது என்பது எங்கள் வீடுகளில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவர் வேலையை மட்டும் அங்கே நிறுத்தி வைக்கச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை ஜட்கா பாலத்தின் மேல் போகும்போது அப்பா என் பக்கம் குனிந்தார். ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா தனியா இருக்கறச்சே கேளு. மாமா மாமி காதுல விழக்கூடாது. ஜன்னல் வேண்டாம்னு அத்தை சொல்றா. அம்மாவுக்கு வேணும்னா வேணும்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் வெச்சுடறேன். அத்தைகிட்ட நான் பேசிக்கறேன். என்ன கேக்கணும், சொல்லு பாப்போம்?"

நான் ஒப்பித்தேன். இரண்டு தரம் ஒப்பிக்கச் சொன்னார். அக்காவை எதிர்த்துப் பேசுவதாக அப்பா சொன்னது என் ஆயுசில் அந்த ஒரு தரம்தான். அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு எங்கே தெரியும்! குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜீயபுரத்தில் அம்மாவுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தது. முகம் வெளுத்துப் படுத்திருந்தாள். மாமி என்னைக் கொல்லைப்புறம் இழுத்துப்போனாள்.

"வாரம் பூரா உன் வாயைப் பாத்துண்டுதான் அவ உசிரை வெச்சுண்டிருக்கா. மனசு நோகறாப்பல ஒரு வார்த்தை சொல்லிடாதே. பிள்ளைத்தாய்ச்சி மனசு நொந்தா வயித்துல இருக்கறதுக்கு ஆகாது. தெரிஞ்சுதா?"

தெரிந்தது. அதுதான் வினை. உள்ளே போனதும் அம்மா எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டு, "என்னடி, ஜன்னல் வெச்சுட்டாளா?" என்றாள்.

அப்பா சொல்லிக்கொடுத்தது நுனிநாக்கில் இருந்தது. அம்மாவின் வயிற்றைப் பார்த்தேன். முகத்தைப் பார்த்தேன். "வெச்சாச்சும்மா" என்றேன்.

கேட்க மறந்தேன் என்று இன்றைக்குக்கூட நான் சொல்லிக்கொள்ள முடியாது. மறக்கவே இல்லை. ராத்திரி பக்கத்தில் படுத்திருந்தபோதும் நினைவிருந்தது. காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டபோதும் நினைவிருந்தது. ரயில் ஏறின பிறகுதான் அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை பிடித்தது. கேட்கவில்லை என்றால் திட்டுவார். வேண்டும் என்றால் வீட்டில் சண்டை. அத்தை மூன்று நாள் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள். எல்லாருக்கும் நல்லது எது என்று ஒன்பது வயது மூளை கணக்குப் போட்டது.

ஸ்டேஷனில் அப்பா, "கேட்டியோ?" என்றார்.

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"அத்தை சொல்றபடியே இருக்கட்டும்னா."

அப்பா பெருமூச்சு விட்டார். பரீட்சையில் தப்பித்த பையன் மாதிரி அவர் முகம் தெளிந்துபோயிற்று. பெப்பர்மிண்ட் வாங்கிக் கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

மறுநாள் மேஸ்திரி மட்டும் நம்பவில்லை. "நெசமாவா பாப்பா? அம்மாவே வேண்டாம்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் ஆணியில் தொங்கின வாழைநாரை எடுத்துச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் சுவர் மூடிவிட்டது.

செய்து வைத்த ஜன்னலை வீணாக்கக்கூடாது என்றாள் அத்தை. கொட்டிலின் கிழக்குச் சுவரில் வைக்கச் சொன்னாள். பசு பார்த்தால் தோஷமில்லை அல்லவா! மேஸ்திரி அதை ரொம்பத் தாழ்வாக வைத்தார். ஏன் என்று அத்தை சத்தம் போட்டதற்கு, "மாடு படுத்தா அதுக்குக் காத்து வரணும்ல, பெரியம்மா?" என்றார்.

அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு சனிக்கிழமை நான் அம்மாவுக்கு ஒரு ஜன்னல் கட்டினேன். பொய்யாகச் சொன்னேனே தவிர சோம்பேறித்தனமாகச் சொல்லவில்லை. அடைத்த சுவருக்கு வெளியே சந்தில் போய் நின்று, அங்கே யார் போகிறார்கள் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு போவேன். கம்பிக்குப் பச்சை வர்ணம் அடித்தாயிற்று என்றேன். அணில் வந்து உட்காருகிறது என்றேன். காலை வெயில் அடுப்பு வரைக்கும் வருகிறது என்றேன்.

"குளிச்சுட்டு வர்றவா மொகம் தெரியறதா?"

"நன்னாத் தெரியறதும்மா. தெருக்கோடி ஆத்து மாமி இடுப்புல குடத்தோட போறா. உன்னைப் பாத்தா நின்னு பேசுவாளாம்."

"பேசுவாளாமா?" என்று அம்மா கேட்டாள். "பேசட்டும், பேசட்டும்" என்று வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

ஐப்பசியில் ஆண் குழந்தை பிறந்தது. மூன்று நாள் இருந்தது. என்னை அழைத்துப்போகவில்லை. நல்ல சேதி வந்தபோதும் நான் போகவில்லை, கெட்ட சேதி வந்தபோதும் போகவில்லை. அப்பா போய்விட்டு வந்து கிணற்றடியில் தலை முழுகினார். "ஆத்தைத் தாண்டியும் தோஷம் விடலையே" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுதது நிஜம். அந்தக் குழந்தைக்காக அரைஞாண் வாங்கி வைத்திருந்தாள்.

தை பிறந்ததும் கிருஹப்பிரவேசம். முதல் நாள்தான் அம்மாவை அழைத்துவந்தார்கள். அவள் பாதியாகியிருந்தாள். பசுவும் கன்றும் முன்னால் போக, மேளம் வாசிக்க, அம்மா அரிசியும் பருப்பும் ஏந்திக்கொண்டு உள்ளே நுழைந்தாள். பால் காய்ச்ச வேண்டும். தளிகையுள்ளில் பட்டப்பகலில் விளக்கு ஏற்றி வைத்திருந்தது. நான் புதுப் பட்டுப்பாவாடையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

அம்மா கிழக்குச் சுவரைப் பார்த்தாள். திசை தப்பிவிட்டோமோ என்று நினைத்தாளோ என்னவோ, மற்ற மூன்று சுவரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்புறம் அடுப்புக்கு முன்னால் மெதுவாக உட்கார்ந்தாள். தன் கண்ணுக்கு நேரே இருந்த சுவரில் உள்ளங்கையை வைத்தாள். பூச்சு வழவழவென்று இருந்தது. நல்ல வேலைக்காரர்கள்.

"என்ன தேடறே?" என்றாள் அத்தை.

அம்மா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அப்பா சொன்னார். அவருக்கு அன்றைக்குச் சந்தோஷம், மெனக்கெட்டுச் சொன்னார். "ஜன்னலைத்தானே? நீ சரின்னு குழந்தைகிட்ட சொல்லியனுப்பினப்புறம்தான் அடைக்கச் சொன்னேன். நீ வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வெச்சிருப்பேன், கேட்டுக்கோ."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். ஐயோ, அந்தப் பார்வை! கோபமாக இருந்திருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். எண்பது பேர் கூடிய வீட்டில், அத்தைக்கு முன்னால், என் கதை முடிந்தது என்று நின்றேன்.

"ஆமாம். நான்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. குனிந்து அடுப்பை ஊதினாள். புகை வந்தது.

தப்பித்தேன் என்று வாசலுக்கு ஓடிவிட்டேன். அன்று முழுக்க ஊஞ்சல் ஆடினேன். அத்தனை பேர் காதுபட அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன பிறகு, ஜன்னல் வேண்டும் என்று இனி ஒருநாளும் அவளால் யாரையும் கேட்க முடியாது என்பது எனக்கு உறைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்தப் பொய்யைப் பற்றி என்னிடமும் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

புது வீட்டில் அம்மாவுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. மத்தியானம் வேலை முடிந்ததும் கொட்டிலுக்குப் போய்விடுவாள். வைக்கோலைத் தட்டிப் போட்டுக்கொண்டு பசுவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அந்த ஜன்னல் அவள் கண்ணுக்கு அளவெடுத்தாற்போல இருக்கும். சந்தில் போகிற யாராவது நின்று இரண்டு வார்த்தை பேசுவார்கள். அம்மாவுக்குப் பசுவென்றால் உயிர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மறு வருஷம் பசு பால் வற்றிப்போய், அதைத் திருவெள்ளறைக் குடியானவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வேறு மாடு வாங்கவில்லை. ஆனால் அம்மா போவதை நிறுத்தவில்லை. நான் ஒருநாள் எட்டிப்பார்த்தேன். காலிக் கொட்டிலில், சாணி மெழுகின தரையில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அன்றைக்கு விருந்தாளிகள் நாலு பேர் வந்திருந்தார்கள். இலை போட்டாயிற்று. அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் நடுவில் புகுந்து, "அம்மா தினம் மாடில்லாத கொட்டில்ல போய் உக்காந்துண்டிருக்கா! நம்மாத்துல மாடு அம்மாதான்!" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சிரித்தாள். அப்பாகூடப் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அம்மாவும் சிரித்த மாதிரிதான் இருந்தது. சாத்துமதுக் கரண்டியோடு அடுத்த இலைக்குப் போனாள்.

மறுநாள் மத்தியானம் அம்மா கொட்டிலுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அப்புறம் அத்தை அங்கே விறகு அடுக்கினாள். அடுக்கி அடுக்கி ஜன்னல் மறைந்துவிட்டது. அம்மாவுக்கு அந்த இடம் அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.